மாற்று ரயில் வரைபடத்தோடு பத்து வருடம்

2013 ஜனவரி 28, திங்கட்கிழமை. வேலை முடிந்து இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் வீட்டுக்கு வந்தபோது தொலைக்காட்சியில் ஒரு வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் கிளம்பும் கோடு பர்மிங்காம் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மான்செஸ்டருக்கும் மற்றொன்று லீட்ஸுக்கும் போனது. பிரிட்டனின் அதிவேக ரயில் திட்டமான எச்.எஸ்.2-இன் இரண்டாம் கட்டப் பாதையை அன்றுதான் அறிவித்தார்கள். பார்க்க ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி இருந்ததால் எல்லோரும் அதை ஒய் என்றே சொன்னார்கள்.

நான் ரயில் பொறியாளர் இல்லை. ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பணிமனையில் ஃபிட்டர். ஒரு ரயில் பாதையைப் பார்த்தால் அப்பா முதலில் கேட்பது, "இது எங்கே போய்ச் சேருது?" என்பதுதான். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு இரண்டு வழி உண்டு. மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றி வருவது மெயின் லைன். விருத்தாசலம் வழியாகக் குறுக்கே வருவது கார்டு லைன். குறுக்குப் பாதை வந்ததால் சென்னை ரயில்களுக்கு நேரம் மிச்சமானது. ஆனால் அந்தப் பாதையும் கடைசியில் அதே திருச்சி ஜங்ஷனுக்குள்தான் வந்து சேர்கிறது. அதனால் அதில் மிச்சமான நேரம் காரைக்குடிக்காரருக்கும் கிடைத்தது, திண்டுக்கல்காரருக்கும் கிடைத்தது.

அன்றைக்கு டிவியில் பார்த்த கோடு எங்கேயும் போய்ச் சேரவில்லை. நாட்டிங்காமுக்கும் டெர்பிக்கும் பொதுவாக ஒரு ஸ்டேஷன், இரண்டு ஊரிலும் இல்லாமல் நடுவில் டோட்டன் என்ற இடத்தில். ஷெஃபீல்டுக்கு ஊரின் ஓரத்தில், மெடோஹால் என்ற பெரிய கடை வளாகத்துக்குப் பக்கத்தில். பர்மிங்காமில் கர்சன் ஸ்ட்ரீட்டில் புதிதாக ஒரு கடைசி ஸ்டேஷன். அதற்கு மேல் பாதை கிடையாது, மற்ற ரயில்கள் வந்து போகும் நியூ ஸ்ட்ரீட்டுக்கு இறங்கி நடக்க வேண்டும். கவன்ட்ரி, லெஸ்டர், ஸ்டோக் ஆகிய ஊர்கள் அந்தக் கோட்டில் இல்லவே இல்லை.

அந்த வாரமே பக்கத்துச் சமூகக் கூடத்தில் நடந்த கூட்டத்துக்குப் போனேன். அங்கே பழைய பிரிட்டிஷ் ரயிலில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பேசினார். "நான் அதிவேக ரயிலுக்கு எதிரி இல்லை. இந்த வரைபடத்துக்குத்தான் எதிரி" என்றார். அப்பா பேசுவது போலவே இருந்தது. அன்று சேர்ந்தவன்தான், பத்து வருடம் அந்தச் சிறிய குழுவில் இருந்தேன். எட்டு ஒன்பது பேர்தான் நாங்கள். நாங்களாக ஒரு திட்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ரயில் பொறியாளர்கள் சிலர் 'ஹை ஸ்பீட் யூகே' என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு மாற்று வரைந்திருந்தார்கள். லண்டனிலிருந்து லீட்ஸ் வரை போகும் எம்1 நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிய பாதை போடுவது, அதை ஒவ்வொரு நகரத்தின் இப்போதைய மைய ஸ்டேஷனோடும் இணைப்பது, ஷெஃபீல்டையும் மான்செஸ்டரையும் 1981-இல் மூடிய உட்ஹெட் மலைப் பாதை வழியாக மறுபடி சேர்ப்பது, இவ்வளவுதான் சுருக்கம். அதை எங்கள் ஊர்களில் எடுத்துப் பேசுவதே எங்கள் வேலை.

இப்போது அடிக்கடி என்னிடம் ஒரு கேள்வி வருகிறது. தங்கள் ஊரைத் தாண்டிப் போகிற ரயிலையோ எட்டுவழிச் சாலையையோ பற்றிக் கவலைப்படுகிறவர்கள், "எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் காலம். நான் செய்த மிகப் பெரிய தவறு இங்கேதான். எச்.எஸ்.2-ஐ 2010 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார்கள். 2011-இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள், கிட்டத்தட்ட 55,000 பேர் எழுதினார்கள். நான் எழுதவில்லை. லண்டன் பக்கத்து விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். இந்தப் பாதை வேண்டுமா, வேறு மாதிரி வேண்டுமா என்று கேட்க வாசல் திறந்திருந்தது அந்தச் சில மாதங்கள்தான். 2012 ஜனவரியில் அரசு முடிவெடுத்துவிட்டது. நான் வரைபடத்தைக் கையில் எடுத்தபோது ஒரு வருடம் ஓடியிருந்தது.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே நாட்டில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. லண்டனிலிருந்து, கடலுக்கடியில் பிரான்ஸுக்குப் போகும் சுரங்கம் வரையிலான அதிவேகப் பாதைக்கு 1980-களின் கடைசியில் பிரிட்டிஷ் ரயில் ஒரு வழி போட்டது, தென்கிழக்கு லண்டன் வழியாக. மக்கள் கொதித்தார்கள். அப்போது அரூப் என்ற பொறியியல் நிறுவனம் தானாக முன்வந்து வேறொரு வழியைக் காட்டியது. கிழக்கே சுற்றி, தேம்ஸைக் கடந்து, ஸ்ட்ராட்ஃபர்ட் வழியாக லண்டனுக்குள் நுழைவது. 1991 அக்டோபரில் அரசு அந்தக் கிழக்கு வழியைத்தான் எடுத்துக்கொண்டது. இன்று பாரிஸ் ரயில் ஓடுவது அதில்தான். கென்ட் மாவட்டத்தில் பெரும் பகுதி நெடுஞ்சாலைகளை ஒட்டியே போகிறது. மாற்று ஜெயித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. கிழக்கு லண்டனைச் சீரமைக்க வேண்டும் என்று அரசுக்குள்ளேயே நினைத்த அமைச்சர் இருந்தார், அவருக்கு இந்த வழி தேவைப்பட்டது. ஆனால் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது 1994-இல். மாற்று வழி அதற்கு மூன்று வருடம் முன்பே அரசின் மேஜையில் இருந்தது. நாங்கள் எல்லா இடத்திலும் இந்தக் கதையைச் சொன்னோம். சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும், ஏனென்றால் நாங்கள் தாமதமாக வந்தவர்கள்.

அடுத்தது, உங்கள் மாற்றைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது? வரைபடம் மட்டும் போதாது. கோட்டைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் தன் வீடு எங்கே என்றுதான் தேடுவார்கள். எங்களுக்கு உதவியது ஓர் அட்டவணை. லண்டன், பர்மிங்காம், கவன்ட்ரி, லெஸ்டர், நாட்டிங்காம், டெர்பி, ஷெஃபீல்ட், லீட்ஸ், மான்செஸ்டர், லிவர்பூல் என்று பத்து நகரங்களை எடுத்தேன். பத்து ஊருக்கு 45 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் இப்போது எவ்வளவு நேரம், எத்தனை இடத்தில் மாற வேண்டும், ஒய் வந்தால் என்ன ஆகும், மாற்று வந்தால் என்ன ஆகும் என்று எழுதினோம். கவன்ட்ரியோ லெஸ்டரோ வரும் ஜோடிகள் மட்டும் 17. அந்த 17-இல் ஒன்றுக்குக்கூட ஒய்யில் நேரடி ரயில் இல்லை. ஒய்யின் இரண்டு கைகளும் மேலே சேராததால் மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் நடுவிலும் எதுவும் மாறாது. லண்டன் வரிசைதான் பளிச்சென்று இருந்தது: பர்மிங்காமிலிருந்து 49 நிமிடம்.

அந்த ஒரு பக்கத் தாளை ஸ்டேஷன் வாசலில் நின்று கொடுத்தோம். யாரும் கீழே போடவில்லை. அவரவர் போகும் ஊரைத் தேடிப் பார்த்தார்கள். லெஸ்டரில் மகள் படிக்கிற ஓர் அம்மா, "இது ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்டார். எங்கள் பிரச்சாரத்தில் அதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை.

வேகத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. எச்.எஸ்.2-ஐ மணிக்கு 400 கி.மீ. வரை போகத் தக்கதாக வடிவமைத்தார்கள். பிரான்ஸ் சுரங்கத்துக்குப் போகும் பாதை 300 கி.மீ. வேகத்துக்கானது. வளைவின் ஆரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 300-ஐ 400 ஆக்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, வளைவோ ஏறக்குறைய 1.8 மடங்கு பெரிதாக வேண்டும். அவ்வளவு நேராகப் போக வேண்டிய பாதையால் நெடுஞ்சாலையை ஒட்டி வளைய முடியாது. ஊரைச் சுற்றிப் போக முடியாது, காட்டைத் தவிர்க்க முடியாது. நேராக வயலுக்குள்ளும் மரத்துக்குள்ளும்தான் போக வேண்டும். இதை நான் கூட்டங்களில் ஒரு கயிற்றையும் இரண்டு சாக்பீஸையும் வைத்துத் தரையில் வரைந்து காட்டுவேன். கணக்கு வாத்தியாராக இருந்ததில் எனக்குக் கிடைத்த நல்ல பலன் இது. உங்கள் ஊர்த் திட்டத்திலும் இப்படி ஓர் எண் இருக்கும், எல்லா முடிவுகளும் அதிலிருந்தே கிளம்பியிருக்கும். சாலையாக இருந்தால் அகலமாக இருக்கலாம், அணையாக இருந்தால் உயரமாக இருக்கலாம். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

அப்புறம் பாராளுமன்றம். இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் நம்பிக்கை வைத்து ஏமாந்தார்கள்.

இத்தகைய பெரிய ரயில் பாதைக்கு பிரிட்டனில் தனியாக ஒரு மசோதா வருகிறது. பாதிக்கப்படும் எவரும் மனுக் கொடுக்கலாம், அப்போது அதற்குக் கட்டணம் 20 பவுண்ட். எம்.பி.க்கள் குழு ஒன்று உட்கார்ந்து ஒவ்வொரு மனுவாகக் கேட்கும். கேட்க அழகாக இருக்கிறது, உண்மையிலேயே அதில் ஒரு அழகு உண்டு. ஆனால் 'இரண்டாம் வாசிப்பு' என்ற, மசோதா மீதான முதல் பொது விவாதமும் வாக்கெடுப்பும் முடிந்ததும் திட்டத்தின் அடிப்படைக் கொள்கை முடிவாகிவிட்டது என்று பொருள். 2014 ஏப்ரல் 28 அன்று லண்டன்–பர்மிங்காம் பகுதிக்கான மசோதா 452-க்கு 41 என்ற வாக்கில் அந்தக் கட்டத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகு, "வேறு வலைப்பின்னல் வேண்டும்" என்று அந்தக் குழுவிடம் கேட்க முடியாது. "என் வீட்டுக்கு முன்னால் லாரி எத்தனை மணிக்குப் போகலாம்" என்று கேட்கலாம். அதுவும் நேரடியாகப் பாதிக்கப்படுபவர் மட்டுமே.

கெனில்வொர்த் பக்கத்துக் கிராமத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டிக்கு நான் மனு எழுத உதவினேன். அவர் சார்பில் பேசவும் போனேன். வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. போகும்போது பையில் எங்கள் அட்டவணையையும் சுருட்டிய வரைபடத்தையும் எடுத்துப் போனேன். கடைசிவரை அதை வெளியே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவருக்குக் கிடைத்த நேரம் அதிலேயே போயிருக்கும், பலனும் இருந்திருக்காது. அவருக்கு வேண்டியது மூன்றுதான்: லாரி நேரம், கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை, தேவாலயத்துக்கு நடந்து போகும் ஒற்றையடிப் பாதை. இரண்டு கிடைத்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ரயிலில் திரும்பி வரும்போது பையிலிருந்த வரைபடம் கனத்தது. எந்த வாசலில் எதைக் கேட்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருடைய மனுவை உங்கள் கொள்கைக்கு மேடையாக ஆக்காதீர்கள்.

நீதிமன்றமும் அப்படித்தான். மாற்று வழிகளையும் சேர்த்து ஆராயும் சுற்றுச்சூழல் மதிப்பீடு திட்ட நிலையிலேயே நடந்திருக்க வேண்டும் என்று எதிர்ப்பாளர்களும் உள்ளாட்சி மன்றங்களும் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 ஜனவரியில் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் தள்ளுபடி செய்தார்கள். அரசின் திட்ட ஆவணம் பாராளுமன்றத்தின் கையைக் கட்டிவிடவில்லை, முடிவு பாராளுமன்றத்துடையது என்பது அவர்கள் சொன்ன காரணம். பாராளுமன்றக் குழுவோ கொள்கை முடிந்துவிட்டது என்கிறது. எங்கள் மாற்றுக்கு இரண்டு இடத்திலும் உட்கார நாற்காலி இல்லை.

ஆவணங்களைப் பற்றி. 2013 நவம்பரில் மசோதாவோடு வந்த சுற்றுச்சூழல் அறிக்கை கிட்டத்தட்ட 50,000 பக்கம். யாராலும் படிக்க முடியாது. நாங்கள் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அவரவர் ஊர்ப் பகுதியை மட்டும் படித்தோம். ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர் பக்க எண்ணோடு பட்டியல் போட்டுக் கொடுத்தார். எங்கள் குழுவில் அவரைவிட உழைத்தவர் கிடையாது. கிடைக்காத தகவலுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். "திட்டம் பற்றிய எல்லா ஆவணமும்" என்று கேட்டால் செலவு அதிகம் என்று மறுத்துவிடுவார்கள். தேதியும் பெயரும் சொல்லி ஓர் ஆவணத்தைக் கேட்டால் பெரும்பாலும் வரும். தமிழ்நாட்டில் ஆர்.டி.ஐ. மனுப் போட்டவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நாங்கள் செய்த இரண்டு பிழைகள். இரண்டிலும் என் பங்கு உண்டு.

2015 கடைசியில் திட்டச் செலவு 50.1 பில்லியனிலிருந்து 55.7 பில்லியன் பவுண்டாக ஏறியது என்று செய்தி வந்தது. அடுத்த கூட்டத்தில், "பாருங்கள், ஐந்தரை பில்லியன் எகிறிவிட்டது" என்று சத்தமாகப் பேசினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, முதல் எண் 2011 விலையில், இரண்டாவது 2015 விலையில் என்று பொறுமையாகச் சொன்னார். விலைவாசியைக் கழித்துவிட்டுப் பேசுங்கள் என்றார். அவர் சொன்னது சரி. அன்று அந்த அறையில் நான் சொன்ன மற்ற எண்களையும், அட்டவணையையும்கூட யாரும் நம்பவில்லை. அதன்பின் எந்தத் தொகையை எழுதினாலும் பக்கத்திலேயே எந்த வருட விலை என்று எழுதினோம். எங்கள் மாற்றின் செலவைச் சொல்லும்போது இன்னும் கவனமாக இருந்தோம். கட்டப் போகிற திட்டத்தின் கணக்கையும் காகிதத்தில் இருக்கிற திட்டத்தின் கணக்கையும் சமமாக வைத்துப் பேசுவது நியாயமில்லை. காகிதத் திட்டம் எப்போதும் மலிவாகத்தான் தெரியும்.

இரண்டாவது பிழை இன்னும் வலித்தது. எம்1-ஐ ஒட்டி என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிக்கொண்டிருந்த கோட்டின் கீழேயும் ஒரு கிராமம் இருந்தது. நெடுஞ்சாலைச் சத்தத்தை அறுபதுகளிலிருந்து சகித்து வந்தவர்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். கத்தவில்லை. ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்: "எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொன்னீர்களா?" சொல்லவில்லை. யாரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோமோ அவர்கள் செய்ததையே நாங்களும் செய்திருந்தோம். அடுத்த சனிக்கிழமை நானும் சிக்னல்காரரும் அந்த ஊருக்குப் போய் வீடு வீடாக உட்கார்ந்து பேசினோம். சிலர் கதவையே திறக்கவில்லை. மாற்றை முன்வைக்கிறவர் முதலில் போக வேண்டிய இடம் அந்த மாற்றுக் கோட்டின் கீழ் இருக்கும் வீடுகள்தான். பத்திரிகைக்கு அப்புறம் போகலாம்.

கூட்டாளிகள் விஷயம். எதிர்த்தவர்கள் எல்லோரும் ஒன்றல்ல. திட்டமே வேண்டாம் என்றவர்கள் பெரும்பான்மை. 51எம் என்ற பெயரில் சேர்ந்த உள்ளாட்சி மன்றங்கள் புதிய பாதையே வேண்டாம் என்றன. லண்டனிலிருந்து மான்செஸ்டர் பக்கம் போகும், இருக்கிற மேற்குப் பாதையில் ரயில் பெட்டிகளைக் கூட்டுங்கள், முதல் வகுப்பைக் குறையுங்கள், நெரிசலான சந்திப்புகளைச் சரிசெய்யுங்கள் என்றன. அந்தப் பெயரே ஒரு நல்ல பிரச்சாரம்: ஒவ்வொரு எம்.பி. தொகுதிக்கும் இத்திட்டத்தால் விழும் பங்கு 51 மில்லியன் பவுண்ட். நாங்களோ புதிய பாதை வேண்டும், வேறு இடத்தில் என்றோம். ஒரே மேடையில் நின்றால், "உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே" என்பார்கள். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இப்போதைய வரைபடத்தின் குறையைச் சேர்ந்து பேசுவது, தீர்வைத் தனித்தனியாகப் பேசுவது. இதை எழுத்தில் போட்டுக்கொண்டதால் நட்பு முறியவில்லை.

2019-இல் அரசு திட்டத்தை மறு ஆய்வு செய்ய ஓக்கர்வீ தலைமையில் ஒரு குழு போட்டபோது, ஏழு வருடம் கழித்து வாசல் மறுபடி திறந்தது என்று நினைத்தோம். அட்டவணையைப் புதுப்பித்து, 12 பக்கத்தில் அனுப்பினோம். அக்குழுவின் துணைத் தலைவர் பெர்க்லி பிரபு முடிவுகளோடு உடன்படாமல் 2020 ஜனவரியில் தனி அறிக்கையே வெளியிட்டார். செலவு 106 பில்லியன் பவுண்ட் வரை போகலாம் என்று குழு சொன்னது. ஆனாலும் பிப்ரவரியில் அரசு பச்சைக்கொடி காட்டியது.

அந்த அக்டோபரில் கப்பிங்டன் கிராமத்தில் எச்.எஸ்.2 பாதைக்காக ஒரு காட்டுப் பேரிக்காய் மரத்தை வெட்டினார்கள். சுமார் 250 வயது மரம், 2015-இல் இங்கிலாந்தின் சிறந்த மரமாக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. வசந்தத்தில் அது வெள்ளையாகப் பூத்து நிற்பதைக் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். வெட்டிய அன்று நான் போகவில்லை. சின்ன மகள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "உங்க கோடு இந்த வழியா போகாதுல்ல அப்பா?" என்று கேட்டாள். போகாதும்மா என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை.

2021 நவம்பரில் ஒய்யின் லீட்ஸ் கையை வெட்டினார்கள். 2023 அக்டோபர் 4 அன்று, மான்செஸ்டரிலேயே, ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்த மண்டபத்தில் நின்று, பிரதமர் ரிஷி சுனக் மான்செஸ்டர் கையையும் ரத்து செய்தார். நண்பர்கள் போன் செய்து, "ஜெயிச்சிட்டீங்களே" என்றார்கள். நாங்கள் ஜெயிக்கவில்லை. ஒய் எழுத்தின் கீழ்த்தண்டு மட்டும் மிச்சம்: லண்டன், பர்மிங்காம், மேலே ஹேண்ட்சேக்கர் என்ற இடத்தில் பழைய பாதையோடு ஓர் இணைப்பு. என் அட்டவணையில் காலியாக இருந்த கட்டங்கள் அப்படியே காலியாக இருந்தன. ஷெஃபீல்ட், லீட்ஸ் கட்டங்களில் இருந்த கொஞ்சமும் போய்விட்டது. 'வேண்டாம்' என்ற வார்த்தை ஓரளவு கேட்டது, 'இப்படி வேண்டும்' என்பது கேட்கவே இல்லை. அன்றிரவு சிக்னல்காரரிடம் வெகுநேரம் பேசினேன். அவருக்கு அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சின் நடுவே, "நனீட்டனைப் பற்றி யோசித்தாயா?" என்றார்.

கவன்ட்ரிக்கும் லெஸ்டருக்கும் தூரம் 40 கி.மீ. சொச்சம்தான். நேரடி ரயில் கிடையாது. நனீட்டனில் இறங்கி மாற வேண்டும், ஏனென்றால் இரண்டு பாதைகளும் அந்த ஸ்டேஷனுக்கு எதிரெதிர்ப் பக்கமாக வந்து சேர்கின்றன, நடுவே லண்டன் மெயின் லைன் ஓடுகிறது. கீழே ஓர் அடிப்பாதை தோண்டினால் ரயில் நேராகப் போய்விடும். தேசத்துக்கே வலைப்பின்னல் வரைந்த நாங்கள் இப்போது அந்த ஒரு ஜங்ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இந்த முறை எந்த அலுவலகம் எப்போது முடிவெடுக்கிறது என்பதை முதலிலேயே கேட்டு எழுதிவைத்திருக்கிறோம். அடிப்பாதை வரக்கூடிய தெருவில் எத்தனை வீடு இருக்கிறது என்று போன மாதம் நடந்து போய் எண்ணினேன். வரும் சனிக்கிழமை அந்த வீடுகளின் கதவைத் தட்டப் போகிறோம்.